மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ட்ரைக்: எந்த டிரெய்லர் தாங்கும், எது தாங்காது

மோட்டார்ஹோம் என்பது உள்ளேயே தங்கும் வசதியுள்ள பயண வண்டி; ட்ரைக் என்பது மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். இரு சக்கர மோட்டார் சைக்கிளுக்காகச் செய்த டிரெய்லரில் ட்ரைக்கை ஏற்றப் பார்த்தால் முதலில் இடிப்பது அகலம். பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஹார்லி-டேவிட்சன் ட்ரை கிளைட் ஏறக்குறைய 55 அங்குல அகலம். முன்னால் இரண்டு சக்கரம் வைத்த கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி 60 அங்குலத்தைத் தாண்டும். ஐந்தடித் தளம் என்று சொல்லி விற்கும் டிரெய்லரில் ட்ரை கிளைட் ஒட்டி உரசி ஏறிவிடும்; ஸ்பைடர் மட்கார்டில் மோதி நிற்கும்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 'தாங்கும் எடை'யைப் பார்த்து வாங்குகிறவர்களே அதிகம். ட்ரைக்குக்கு அந்த எண் மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது. மட்கார்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி முதலில், டிரெய்லரின் அச்சு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அடுத்து. இந்த இரண்டும் சரியாக அமைந்த, திறந்த, தளமே சாயும் வகை டிரெய்லர்தான் எங்கள் தேர்வு. மற்றவை ஏன் பின்தங்குகின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஹிட்ச்சில் செருகித் தொங்கவிடும் ரேக்

இரு சக்கர வண்டிக்கு நன்றாக உழைக்கும். ட்ரைக்குக்கு வேண்டவே வேண்டாம். 5,000 பவுண்ட் இழுக்கும் ஹிட்ச்சில், அதாவது வண்டியின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் இணைப்பில், செங்குத்தாக இறங்கக்கூடிய எடை பொதுவாக 500 பவுண்ட்தான். ட்ரை கிளைட் மட்டுமே 1,240 பவுண்ட் அளவில், அதாவது 560 கிலோவுக்கு மேல் வரும். ரேக்கின் எடை தனி. எடை குறைந்த கேன்-ஆம் ரைக்கர்கூட 600 பவுண்டைச் சுற்றி நிற்கிறது, அதுவும் வரம்புக்கு வெளியேதான்.

அதைவிட மோசம் நெம்புகோல் கணக்கு. மோட்டார்ஹோமின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 208 அங்குலம் என்றும், பின் அச்சிலிருந்து ரேக்கின் நடுப்பகுதி 170 அங்குலம் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ட்ரைக்கும் ரேக்கும் சேர்ந்து 1,500 பவுண்ட் என்றால், பின் அச்சில் கூடுவது 1,500 அல்ல, 2,700 பவுண்டுக்கு மேல். அந்த மிச்சம் முழுவதும் முன் அச்சிலிருந்து பிடுங்கப்பட்டது: முன் அச்சு 1,200 பவுண்டுக்கு மேல் இலேசாகிவிடும். முன் டயர் சாலையில் அழுந்தாவிட்டால் ஸ்டியரிங் மிதக்கும், ஈரச் சாலையில் பிரேக் அழுத்தினால் முன்பக்கம் வழுக்கும். ஹிட்ச்சுக்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் போட்டுப் பலப்படுத்தினாலும் இந்தக் கணக்கில் ஒரு பவுண்ட்கூட மாறாது.

சுழல் சக்கரத் தளம்

இது ரேக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவில் உள்ள வகை. இரண்டு இடங்களில் மோட்டார்ஹோமோடு விறைப்பாகப் பிணைத்துவிடுவார்கள். சுமையைத் தாங்குவது பின்னால் சுழலும் சக்கரம். மடங்காது என்பதால் பின்னோக்கி ஓட்டுவது சுலபம், அதுதான் இதன் பெரிய பலம். ஆனால் சுழல் சக்கரம் வேகத்தில் படபடவென்று ஆடத் தொடங்கும் இயல்புடையது. அதை அடக்கும் உராய்வுத் தட்டு தேய்ந்ததும் ஆட்டம் திரும்பி வரும். கூர்மையான திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் தேய்கிறது. சாலையிலிருந்து மேடான நுழைவாயிலில் ஏறும்போது மோட்டார்ஹோமின் வால் தாழ்ந்து, சுமை முழுவதும் ஒரு கணம் அந்தச் சிறு சக்கரத்தின் மேலும் பிணைப்பு முள்ளின் மேலும் விழும். ரைக்கர் போன்ற இலேசான வண்டிக்கு, தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்த வரம்புக்குள் இருந்தால், சரி எனலாம். 1,200 பவுண்ட் ட்ரைக்குக்கு எங்கள் பரிந்துரை இல்லை.

முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் டாலி

மலிவு, இலேசு, மடித்து வைக்கலாம். ஆனால் பின் சக்கரங்கள் சாலையில் உருளும்போது பெல்ட்டும் கியர்பாக்ஸின் ஒரு பகுதியும் என்ஜின் ஓடாமலே சுழன்றுகொண்டிருக்கும். ஸ்பைடரின் கையேடு இழுத்துச் செல்லவே கூடாது, தளத்தில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்கிறது.  இதோடு இந்த வழியை மூடிவிடலாம்.

மூடிய டிரெய்லர்

மழை, கல், திருட்டு மூன்றிலிருந்தும் காப்பது இது ஒன்றுதான். நீண்ட பயணத்தில் ஹெல்மெட், கருவிப்பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் உள்ளே போய்விடும். ட்ரைக்குக்கு வாங்குவதென்றால் 7 அடி அகலம், 14 அடி நீளத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். 6 அடி அகலப் பெட்டியில் ட்ரைக் நுழையும். ஓட்டியவர் இறங்கி பக்கவாட்டில் குனிந்து ஸ்ட்ராப் மாட்ட இடமிருக்காது. வாங்குமுன் உட்புற அகலத்தை அல்ல, கதவுச் சட்டத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். அது எப்போதும் சில அங்குலம் குறைவு.

இன்னொன்று: தரையில் இருக்கும் D வளையங்கள் வெறும் பிளைவுட்டில் திருகப்பட்டிருக்கின்றனவா, கீழே உள்ள குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்டிருக்கிறார்களா என்று அடியில் படுத்துப் பாருங்கள். பிளைவுட் மட்டும் என்றால் அந்த வளையத்தை நம்பி ட்ரைக்கைக் கட்ட முடியாது. அடியில் இரும்புத் தகடு வைத்து மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள்.

குறை, எடை. காலியாகவே 1,800 பவுண்டைத் தொடும் பெட்டியில் ட்ரைக்கும் சாமானும் சேர்ந்தால் 3,300க்குப் போய்விடும். மோட்டார்ஹோமின் ஹிட்ச் 5,000 இழுக்கும் என்பதால் போதும் என்று முடிவு கட்டக்கூடாது. ஓட்டுநர் கதவருகே உள்ள பலகையிலோ கையேட்டிலோ வண்டியின் மொத்த எடை வரம்பும், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பும் இருக்கும். தண்ணீர், எரிபொருள், ஆட்கள், சாமானோடு மோட்டார்ஹோமை எடைமேடையில் நிறுத்தி எடுத்த உண்மையான எடையைக் கூட்டு வரம்பிலிருந்து கழித்தால் வருவதுதான் நீங்கள் இழுக்கக்கூடியது. ஹிட்ச்சின் எண், இந்த எண், இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கு. சி வகை (வேன் அல்லது டிரக்கின் முன்பகுதியோடு சேர்த்துக் கட்டிய) மோட்டார்ஹோம் பலவற்றில் இந்தக் கழித்தலுக்குப் பிறகு மூடிய டிரெய்லருக்கு மிச்சம் இருப்பதில்லை.

எங்கள் தேர்வு: திறந்த, தளம் சாயும் டிரெய்லர்

அலுமினியச் சட்டம், ஒற்றை அச்சு, 12 அடித் தளம், மட்கார்டுகளுக்கு நடுவே ட்ரை கிளைடுக்கு 62 அங்குலம், ஸ்பைடருக்கு 68 அங்குலம். இந்த அளவில் காலி எடை 700 பவுண்ட் சுற்றி அமையும். ட்ரைக்கோடு 2,000 பவுண்ட். பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் இதைத் திணறாமல் இழுக்கும்.

தளம் ஏன் சாய வேண்டும்? 20 அங்குல உயரத் தளத்துக்கு ஐந்தடி ரேம்ப் வைத்தால் ஏற்றம் 19 டிகிரிக்கு மேல். ஏறுவதைவிட, ரேம்ப் முடிந்து தளம் தொடங்கும் அந்த முகட்டில்தான் சிக்கல். ஸ்பைடரின் அடிவயிறு தரையிலிருந்து நான்கரை அங்குலம். அச்சுகளுக்கு இடையே 67 அங்குலம். 19 டிகிரி முகட்டைத் தாண்ட நடுவில் ஏறக்குறைய ஆறு அங்குல இடைவெளி வேண்டும். இல்லாததால் அடிப்பாகம் முகட்டில் உட்கார்ந்துவிடும், சக்கரங்கள் அந்தரத்தில். எட்டடி ரேம்ப் போட்டால் 12 டிகிரி. தேவை மூன்றரை அங்குலம், தப்பிக்கலாம். தளமே சாயும் வகையில் முகடே கிடையாது: வண்டி அச்சைத் தாண்டியதும் தளம் தானாகச் சமமாகிறது. ஏற்றக் கோணம் தளத்தின் உயரத்தையும் சுழலும் முனையிலிருந்து வால் விளிம்பு வரை உள்ள தூரத்தையும் பொறுத்தது; 17 அங்குல உயரம், 80 அங்குல தூரம் என்றால் 12 டிகிரி. வால் விளிம்பில் ஸ்பைடரின் மூக்கு தட்டினால், ஒன்றரை அங்குலப் பலகையைச் சக்கரத் தடத்தில் போட்டால் போதும்.

ரேம்ப் வகையையே வாங்குகிறீர்கள் என்றால் மூன்று தடம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கார் ஏற்றும் இரண்டு தனி ரேம்ப்களில் ட்ரைக்கின் ஒற்றைச் சக்கரத்துக்கு நடுவில் ஒன்றுமே இருக்காது. முழு அகலக் கதவு ரேம்ப் என்றால் கம்பி வலை நடுவில் வளைகிறதா என்று பாருங்கள். ஸ்பைடரில் உந்து விசை தருவது அந்த நடுச் சக்கரம்தான். ஈர உலோகத்தில் அது வழுக்கியதும் மின்னணுக் கட்டுப்பாடு என்ஜின் சக்தியைக் குறைக்கும், வண்டி பாதியில் நின்றுவிடும். வேகம் கொடுத்து ஏற முயல்வது ஆபத்து. 2,000 அல்லது 2,500 பவுண்ட் மின் வின்ச் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவி) ஒன்றைத் தளத்தின் முனையில் பூட்டி, சட்டத்தில் மாட்டிய Y வடிவப் பட்டையால் மெதுவாக இழுப்பதே சரியான வழி. இறக்கும்போதும் வின்ச்சே பிடித்திருக்கட்டும். ட்ரை கிளைடின் மின் ரிவர்ஸ் சமதளத்தில் நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் வரச் செய்யப்பட்டது. சரிவில் அதை நம்ப வேண்டாம்.

எடை எங்கே உட்காருகிறது

இந்த விஷயத்தில் செய்யும் பிழைதான் விபத்தில் முடிகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இறங்க வேண்டும். 2,000 பவுண்டுக்கு 200 முதல் 300. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஒருமுறை தொடங்கினால் ஸ்டியரிங்கைத் திருப்பி அடக்க முயல்வது அதை இன்னும் வளர்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, முடிந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும்.

ட்ரை கிளைடிலும் ஹோண்டா கோல்ட் விங் பைக்கை மாற்றிச் செய்த ட்ரைக்குகளிலும் எடையின் பெரும்பகுதி பின் அச்சுப் பக்கம். ஸ்பைடரில் அது முன்னே. இரண்டையும் ஒரே டிரெய்லரில், ஒரே இடத்தில் முன் சக்கரத்தை முட்டவைத்து நிறுத்தினால் ஹிட்ச் எடை ஒன்றாக வராது. தொழிற்சாலையிலிருந்தே பூட்டி வரும் வீல் சாக், அதாவது முன் சக்கரத்தைக் கவ்வும் சட்டம், பெரும்பாலும் இரு சக்கர வண்டியை மனதில் வைத்துப் பொருத்தப்பட்டது. அதை நகர்த்த முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். நகர்த்தல் எவ்வளவு மாற்றும் என்றால்: 1,300 பவுண்ட் ட்ரைக், கப்ளரிலிருந்து (ஹிட்ச்சில் பூட்டும் டிரெய்லரின் முனை) அச்சு வரை 120 அங்குலம் என்ற டிரெய்லரில், ட்ரைக்கை ஆறு அங்குலம் முன்னே தள்ளினால் ஹிட்ச்சில் 65 பவுண்ட் கூடும். அளவு சரியாக வந்த இடத்தில் தளத்தில் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள்.

அளக்கத் தனிக் கருவி உண்டு. இல்லாவிட்டால் குளியலறை எடைக்கருவி போதும். அதன் மேல் ஒரு குழாய்த் துண்டு, அதே உயரத்தில் மூன்றடி தள்ளி ஒரு செங்கல் மேல் இன்னொரு குழாய்த் துண்டு, இரண்டுக்கும் குறுக்கே கனமான மரச்சட்டம். செங்கல் பக்கத்திலிருந்து ஓரடி தூரத்தில் டிரெய்லரின் கப்ளரை இறக்கி, கருவி காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். மரச்சட்டத்தின் சொந்த எடையை முதலில் கழித்துவிடுங்கள். ஓட்டும்போது இருக்கும் உயரத்திலேயே கப்ளர் இருக்க வேண்டும். டிரெய்லர் மூக்கு தூக்கி நின்றால் ஹிட்ச் எடை குறைந்து ஆட்டம் வரும்; தளம் சமமாக, அல்லது மூக்கு மயிரிழை தாழ்ந்து நிற்கும்படி ஹிட்ச்சின் இறக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டும் முறை

ஹேண்டில்பாரில் ஸ்ட்ராப் மாட்டி முன் ஃபோர்க்கை அமுக்குவது இரு சக்கர வண்டியின் பழக்கம். ட்ரைக் தானாகவே நிற்கும், அதைச் சாயாமல் பிடிக்கத் தேவையில்லை. நகராமல் பிடித்தால் போதும். ஆகவே சக்கரங்களைத் தளத்தோடு கட்டுங்கள். இரட்டைச் சக்கரங்களுக்கு டயரைத் தலைப்பாகை போலச் சுற்றும் பட்டைகள், ஒற்றைச் சக்கரத்துக்கு வீல் சாக்கும் இரு பக்க ஸ்ட்ராப்பும். இப்படிக் கட்டினால் சஸ்பென்ஷன் தன் வேலையைச் செய்யும், பள்ளத்தில் விழும்போது ஸ்ட்ராப் தளர்ந்து கொக்கி கழலாது.

ஸ்பைடரில் முன் ஃபெண்டர் டயரை ஒட்டியே இருப்பதால் சில பட்டைகள் நுழையாது. சக்கரத்தின் ஊடே ஸ்ட்ராப் கோக்க நேர்ந்தால் பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் அதில் சிக்கவில்லை என்று விரலால் தடவிப் பாருங்கள். உடல் பேனல், ஸ்வே பார், சாமான் பெட்டிச் சட்டம் எதிலும் கொக்கி வேண்டாம்.

இரண்டு அங்குல ராட்செட் ஸ்ட்ராப் நான்கு. அறுபடும் வலிமை 10,000 பவுண்ட் என்றால் வேலை வரம்பு அதில் மூன்றில் ஒன்று, 3,333 பவுண்ட். ஓரங்குல ஸ்ட்ராப் கட்டு மலிவாகக் கிடைக்கும். அதில் எழுதியிருக்கும் பெரிய எண் அறுபடும் எண், வேலை எண் அல்ல. இரு முனையிலும் ஸ்ட்ராப் 45 டிகிரியில் முன்னுக்கும் பின்னுக்கும் எதிரெதிராக இழுக்கட்டும். நீண்ட ஸ்ட்ராப்பில் ஒரே ஒரு முறுக்கு விடுங்கள், காற்றில் துடிக்காது.

பார்க்கிங் பிரேக் போட்டு, கியரில் விடுங்கள். வண்டியின் முகம் முன்னோக்கியே இருக்கட்டும், உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், பெட்டி மூடிகளைப் பூட்டுங்கள். திறந்த டிரெய்லரில் துணி உறை போடாதீர்கள்: காற்றில் படபடத்து, அடியில் புகுந்த தூசியோடு பெயின்ட்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஹார்லியின் திருட்டு எச்சரிக்கை அமைப்பில் போக்குவரத்து நிலை ஒன்று உண்டு. அதைப் போடாமல் பூட்டினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அலறி பேட்டரியைத் தீர்த்துவிடும்.

பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லா ஸ்ட்ராப்பையும் இழுத்துப் பாருங்கள். டயர் பட்டையில் உட்கார்ந்து, முதல் தளர்வு அதற்குள் வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத டிரெய்லர்

காருக்குப் பின்னால் டிரெய்லர் பஞ்சரானால் தெரியும். 20,000 பவுண்ட் மோட்டார்ஹோமில் தெரியவே தெரியாது. பஞ்சரான டயர் சூடேறி, கிழிந்து, ரப்பர்ப் பட்டை மட்கார்டைப் பிய்த்து ட்ரைக்கின் மேல் அடிக்கும் வரை ஓட்டுநருக்குச் செய்தி வராது. ஆகவே டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி இங்கே ஆடம்பரம் அல்ல. மோட்டார்ஹோமின் நீளத்துக்கு சிக்னல் எட்டாமல் போகலாம். இடையில் வைக்கும், சிக்னலை வாங்கி மேலும் அனுப்பும் ரிப்பீட்டரோடு வாங்குங்கள். 12 அங்குலச் சிறு சக்கரத்தைவிட 14 அல்லது 15 அங்குலம் குறைவாகச் சுற்றும், குறைவாகச் சூடேறும். டிரெய்லர் டயரில் காற்று, பக்கச் சுவரில் எழுதிய முழு அழுத்தத்துக்கு, குளிர்ந்த நிலையில். பல டிரெய்லர் டயர்களின் வேக வரம்பு மணிக்கு 65 மைல்தான். கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்குச் சட்ட வரம்பே 55. சக்கர நட்டுகளை முதல் 10, 25, 50 மைல்களில் டார்க் ரென்ச்சால் மீண்டும் முறுக்குங்கள். பேரிங்குக்கு ஆண்டுக்கொருமுறை கிரீஸ்.

பிரேக் விஷயத்தில், 3,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லர் பிரேக் கட்டாயம் என்பது அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் விதி.  எடை எதுவானாலும் மின் பிரேக் வாங்குங்கள். மோட்டார்ஹோமில் ஏழு முள் சாக்கெட் இருப்பதால் மட்டும், டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறது என்று ஆகாது; டாஷ்போர்டில் தேடிப் பாருங்கள். டிரெய்லர் பிரிந்தால் தானே பிரேக் பிடிக்கும் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியில் கோக்காமல், வண்டியில் தனியிடத்தில் மாட்டுங்கள்.

திறந்த டிரெய்லரின் உண்மையான குறை கல்லும் புகைக்கரியும். மோட்டார்ஹோமின் பின் டயர்கள் வாரியிறைப்பது நேராக ட்ரைக்கின் முகத்தில். டிரெய்லரின் மூக்கில் இரண்டடிக்குக் குறையாத உயரத்தில் கல் தடுப்புத் தகடு வேண்டும். இது விருப்பப் பொருளாக விற்கப்பட்டால் முதலில் வாங்க வேண்டியது இதுதான். மோட்டார்ஹோமின் அடியில் முழு அகல ரப்பர்த் திரை தொங்கவிடுவதும் உதவும். டீசல் என்ஜின் பின்னால் உள்ள வண்டியில் ரேடியேட்டர் காற்றோட்டத்தை அது அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்தில் மோட்டார்ஹோமின் வால் எதிர்ப்பக்கம் வீசும், டிரெய்லரின் கழுத்தையும் (தளத்துக்கு முன்னால் ஹிட்ச் வரை நீளும் சட்டம்) அதே பக்கம் தள்ளும். கழுத்து குட்டையான டிரெய்லர் ரிவர்ஸில் கண் இமைப்பதற்குள் மடங்கி, மூலை பம்பரில் இடிக்கும். கழுத்து நீளம் கூடக்கூட ஓட்டுநருக்கு அவகாசம் கூடும். பின் கேமரா, டிரெய்லரின் இரு பின் மூலையிலும் உயரமான கொடிக்குச்சி, இவை இரண்டும் இருந்தால் காலி டிரெய்லர் எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.

முகாமில் இறக்கும் வரிசை

டிரெய்லரைக் கழற்றிவிட்டு ட்ரைக்கை இறக்காதீர்கள். வண்டி அச்சைத் தாண்டிப் பின்னால் உருண்டதும் கழுத்து மேலே எகிறும். மோட்டார்ஹோமோடு பூட்டியிருக்கும்போதே, அதன் சமன் ஜாக்குகளைப் போடுமுன், டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ரேம்ப் வகையென்றால் வாலுக்கு அடியில் தாங்குகால் இறக்கி, பிறகு வின்ச்சால் ட்ரைக்கை இறக்குங்கள். காலித் தளத்தைச் சமமாக்கித் தாழ்ப்பாள் முள்ளைப் போட்ட பிறகே கப்ளரைத் திறக்கலாம். 700 பவுண்ட் டிரெய்லரை, கழுத்தில் சக்கர ஜாக் இருந்தால், இருவர் தள்ளி ஓரமாக நிறுத்திவிடலாம்.